வெள்ளிக்காசு சொல்லாது: மீன், குடிநீர், பாதரசம் – வாசகர் கேள்வி பதில்

பெரிய மீன்களில் பாதரசம் சேர்வது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு எங்கள் வேதியியல் குழு இங்கே பதில் தருகிறது.

மீன் கழுவிய தண்ணீரில் வெள்ளிக்காசைப் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால், பாதரசம் இருக்கும் மீனாக இருந்தால் காசு கறுத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொலி சுற்றுகிறது. நம்பலாமா? எலுமிச்சையும் மஞ்சளும் போட்டுக் கழுவினால் பாதரசம் போய்விடுமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

நம்பாதீர்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். அவித்த முட்டையை வெள்ளிக் கரண்டியால் எடுத்தாலும் அது கறுக்கும். மீன் கெடத் தொடங்கியதும் அதன் புரதம் சிதைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளியேறும். காசைக் கறுக்கச் செய்வது அதுதான். அந்தச் சோதனையால் தெரிவது மீன் பழசா என்பது மட்டுமே. உலோகப் பாதரசம் வெள்ளியில் பட்டால் கறுக்காது, வெண்மையாகப் பூசிக்கொள்ளும். மீனுக்குள் இருப்பதோ உலோகப் பாதரசமே அல்ல. அது மீத்தைல் பாதரசம். தசைப் புரதத்தில் உள்ள கந்தக அணுக்களை இறுகப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும்.

எலுமிச்சை, மஞ்சள், புளி, கல் உப்பு, வினிகர் எதைப் போட்டு எத்தனை முறை அலசினாலும் அது வெளியே வராததற்கும் இதுவே காரணம். கொழுப்பை வெட்டி எடுத்தால் சில பூச்சிக்கொல்லி நஞ்சுகள் குறையும், பாதரசம் குறையாது. அது கொழுப்பில் இல்லை, சதையில் இருக்கிறது. பொரித்தால் தண்ணீர் வற்றும், பாதரசம் தங்கும். ஆகவே பொரித்த துண்டில் கிராமுக்குக் கிராம் அளவு சற்றுக் கூடியே இருக்கும்.

எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதையும் பாருங்கள். பல நாடுகளில் சாதாரண மீனுக்கான வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். ஒரு கிலோ மீனில் இருக்கும் அந்தப் பாதரசம் ஒரு கல் உப்பின் எடைகூட வராது. அதற்கு நிறமும் மணமும் சுவையும் கிடையாது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இப்போதுதான் கரையேறிய மீனிலும் பாதரசம் கூடுதலாக இருக்கலாம். கடையில் நிற்கும்போது உதவக்கூடிய அடையாளங்கள் இரண்டுதான்: அது என்ன மீன், எவ்வளவு பெரிய மீன்.

என் மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பால் ஊற வேண்டும் என்று வாரத்தில் மூன்று நாள் பால் சுறா புட்டு செய்து கொடுக்கிறேன். சுறாவில் பாதரசம் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மாவும் பாட்டியும் கொடுத்துத்தானே நாங்கள் வளர்ந்தோம்? நிறுத்திவிட வேண்டுமா?
– ஒரு தாய், நாகப்பட்டினம்

அம்மா, பயப்பட வேண்டாம். இதுவரை கொடுத்ததால் பேத்திக்கோ பேரனுக்கோ கேடு வந்துவிட்டது என்று பொருளில்லை. ஆனால் மீனை மாற்றுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

கடலடிச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக மாற்றுகின்றன. அது நுண்பாசிக்குள் போகிறது, அதைத் தின்னும் சிற்றுயிருக்குள் போகிறது, அங்கிருந்து நெத்திலிக்கும், நெத்திலியைத் தின்னும் சூரைக்கும், சூரையைத் தின்னும் சுறாவுக்கும் போகிறது. உடலிலிருந்து மெல்லத்தான் வெளியேறும் என்பதால் ஒவ்வொரு படியிலும் அடர்த்தி ஏறுகிறது. அதிக நாள் வாழும் வேட்டை மீனில் அது உச்சத்துக்குப் போய்விடும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்நாட்டுச் சந்தை மீன்களில் கண்ட சராசரிகள் கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் இவை: இறால் 0.009, மத்தி 0.013, நெத்திலி இனம் 0.016, கணவாய் 0.024, மஞ்சள்துடுப்புச் சூரை 0.354, பெருங்கண் சூரை 0.689, சுறா 0.979, வாள்மீன் 0.995. நம் கரையில் பிடிபடும் மீனில் எண்கள் மாறலாம். மத்தி போன்றவை அடியிலும் சுறா போன்றவை உச்சியிலும் நிற்கும் வரிசை மாறாது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2003இல் ஒரு வரம்பை வகுத்தது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மீத்தைல் பாதரசம். வயிற்றில் வளரும் குழந்தையின் மூளையைக் கருதியே அந்த அளவு வைக்கப்பட்டது. உங்கள் மகளின் எடை 55 கிலோ என்று கொள்வோம். வாரத்துக்கு 88 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் பாதரசம் உள்ள சுறாவில் ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராம் இருக்கும். அப்படியானால் 88 கிராம் சதையோடு, அதாவது ஒரே ஒரு கிண்ணம் புட்டோடு, அந்த வாரத்துக்கான அளவு முடிந்துவிடுகிறது. அதே 88 மைக்ரோகிராமை மத்தியிலிருந்து பெற வேண்டுமானால் வாரத்துக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். யாராலும் ஆகாது.

பால் சுறா என்பது உண்மையில் சிறிய இனம், பெரிய சுறாவைவிட அதில் பாதரசம் குறைவாகவே இருக்கும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சந்தையில் ‘பால் சுறா’ என்ற பெயரில் வேறு சுறாக்களின் குட்டிகளும், சில வேளை பெரிய சுறாவின் வெட்டுத் துண்டுகளும் விற்கப்படுகின்றன. தோலுரித்த துண்டைப் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது.

தாய்ப்பாலைவிட நஞ்சுக்கொடி வழியாகத்தான் மீத்தைல் பாதரசம் அதிகம் கடக்கிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் அளவு தாயின் இரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதலாகவே காணப்படுகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் தொழிற்சாலைக் கழிவு கலந்த விரிகுடா மீனைத் தின்ற தாய்மார் சிலருக்குப் பெரிய நோய்க்குறி இல்லாதபோதும் பிறந்த குழந்தைகள் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். ஆகவே கர்ப்ப காலமும், கர்ப்பமாவதற்கு முந்தைய சில மாதங்களும்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். உடலில் சேர்ந்த மீத்தைல் பாதரசம் பாதியாகக் குறையவே சுமார் 50 நாள் ஆகும்.

புட்டை விட வேண்டியதில்லை. அதே பூண்டு, அதே மிளகு, அதே சின்ன வெங்காயத்தோடு மத்தியை அவித்து முள் எடுத்து உதிர்த்துச் செய்யுங்கள். நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி எல்லாம் சரி. புரதமும் நல்ல கொழுப்பும் அதிலும் உண்டு. பால் நன்றாக ஊற வேண்டுமானால் குழந்தையை அடிக்கடி பால் குடிக்க விடுவதைப் போல உதவுவது வேறொன்றுமில்லை. மீனே வேண்டாம் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு குழந்தையின் மூளைக்குத் தேவை.

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகள் ‘கிங் மேக்கரல்’ சாப்பிடவே கூடாது என்று அங்கே மருத்துவர் சொன்னதாகச் சொல்கிறாள். அது நம் வஞ்சிரம்தானே?
– சென்னை, மயிலாப்பூர்

அல்ல. அது அட்லாண்டிக் கடலில் வாழும் வேறு இனம். நம் வஞ்சிரத்துக்கும் (ஈழத்தில் அறக்குளா) அதற்கும் பேரினம் ஒன்று. பங்காளிகள் என்று சொல்லலாம். அந்த மீனின் அமெரிக்கச் சராசரி கிலோவுக்கு 0.73 மில்லிகிராம். அந்த எண்ணை அப்படியே வஞ்சிரத்தின் தலையில் கட்டக் கூடாது. என்றாலும் வஞ்சிரமும் மற்ற மீன்களைத் தின்று வளரும் வேட்டை மீன்தான். பெரிய மீனின் அகன்ற துண்டைவிட இரண்டு கிலோவுக்குள் உள்ள முழு மீனைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அதையும் எப்போதாவது சாப்பிடட்டும், வாராவாரம் வேண்டாம். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வார அளவு 24 மைக்ரோகிராம்தான், 0.5 மில்லிகிராம் உள்ள மீனில் 48 கிராம் சாப்பிட்டாலே அது வந்துவிடும்.

கருவாட்டில் பாதரசம் கூடுமா?
– இராமநாதபுரம்

எடைக்கு எடை பார்த்தால் கூடும். பச்சை மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்தால் தண்ணீர் போகிறது, பாதரசம் நிற்கிறது. ஆனால் கருவாட்டை யாரும் மீன் அளவுக்குத் தின்பதில்லை. நெத்திலிக் கருவாட்டால் கவலை இல்லை, சுறாக் கருவாட்டைக் குறையுங்கள். ஆய்வகத்துக்குக் கருவாடு அனுப்பினால் ஈரப்பதத்தையும் அளந்து தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் முடிவைப் பச்சை மீனுக்கான வரம்போடு ஒப்பிட முடியாது.

கொடைக்கானல் அருகே குடியிருக்கிறோம். ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். பழைய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் பயமாக இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டரில் 60 காட்டுகிறது, நல்ல தண்ணீர் என்று மீட்டர் விற்றவர் சொன்னார். போதுமா? இல்லையென்றால் எப்படிப் பரிசோதிப்பது?
– ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

டி.டி.எஸ். மீட்டர் காட்டும் 60 என்பது லிட்டருக்கு 60 மில்லிகிராம் உப்புகள். மைக்ரோகிராமில் சொன்னால் 60,000. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 பாதரசத்துக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1 மைக்ரோகிராம். அறுபதாயிரத்தில் ஒன்று கூடியதா குறைந்ததா என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. கடையில் கிடைக்கும் நிறம் மாறும் தாள்களில் பெரும்பாலானவை இந்த நுண்ணிய அளவை எட்டுவதில்லை. பாக்கெட்டில் போட்டிருக்கும் மிகக் குறைந்த அளவைப் படியுங்கள். அது 1 மைக்ரோகிராமுக்கு மேலே இருந்தால் குடிநீருக்கு அந்தத் தாளால் பயனில்லை.

உங்கள் ஊர்க் கவலை வெறும் வதந்தியால் வந்ததல்ல. அந்த ஆலை 2001இல் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் மரங்களில் படரும் பாசியையும் கற்பாசியையும் அளந்து, காற்றில் பரவிய பாதரசத்தைக் கண்டார்கள். கொடைக்கானல் ஏரி நீரில் அவர்கள் கண்டது லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம். மைக்ரோகிராமில் அது 0.36 முதல் 0.47, குடிநீர் எல்லைக்குப் பாதிக்கும் கீழே. ஆனால் தூய ஏரிகளில் இருப்பது சில நானோகிராம்தான். தண்ணீர் ‘தேறிவிட்டது’ என்பதால் ஏரி மீனும் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மினமாட்டா மக்களும் விரிகுடா நீரைக் குடிக்கவில்லை, மீனைத்தான் தின்றார்கள். தண்ணீரும் மீனும் தனித்தனிச் சோதனைகள்.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆய்வகங்களின் தகுதியைச் சோதித்து ஏற்கும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகாரம் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள். அங்கீகாரப் பட்டியலில் ‘குடிநீர் – பாதரசம்’ என்ற வரி இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த கேள்வி: உங்கள் கருவி கண்டறியும் எல்லை எவ்வளவு? 0.2 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ என்று பதில் வர வேண்டும். குளிராவி அணு உறிஞ்சல் முறை, அணு ஒளிர்வு முறை, ஐ.சி.பி.எம்.எஸ். என்னும் நிறை நிறமாலை முறை இவற்றில் எதுவானாலும் சரி. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். 5 மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத கருவியில் சோதித்து ‘கண்டறியப்படவில்லை’ என்று அச்சிட்டுத் தருவார்கள். உங்கள் தண்ணீரில் எல்லையைவிட நான்கு மடங்கு இருந்தாலும் அதே வாசகம்தான் வரும். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எண் இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள்.

தண்ணீர் பிடிப்பதில்தான் பாதி வேலை கெடும். குளிர்பான பாட்டில், மினரல் வாட்டர் பாட்டில் எதுவும் கூடாது. பாதரசம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் வழியாக ஆவியாக உள்ளேயும் வெளியேயும் கடக்கும். அமிலத்தில் கழுவிய போரோசிலிகேட் கண்ணாடி அல்லது டெஃப்லான் பாட்டிலை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். உள்ளே சில துளி அமிலம் இருக்கும். பாட்டிலை அலசினால் அமிலம் போய்விடும், அலசாமல் அப்படியே நிரப்புங்கள். ஊற்றானால் சேற்றைக் கலக்காமல், நீர் வரும் திசையைப் பார்த்து நின்று பிடியுங்கள். ஆழ்துளைக் கிணறானால் மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். கழுத்து வரை நிரப்பி இறுக மூடுங்கள்.

இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஒருவர் பையைத் திறப்பது, கயிறு, குழாய் எல்லாவற்றையும் பார்க்கட்டும். மற்றவர் புதுக் கையுறை போட்டுப் பாட்டிலை மட்டும் தொடட்டும். பல்லில் வெள்ளி நிற அடைப்பு உள்ளவர் திறந்த பாட்டிலின் மேல் மூச்சு விடக் கூடாது. அந்த அடைப்பில் பாதரசம் இருக்கிறது. கூடவே இன்னொரு பாட்டிலில் காய்ச்சி வடித்த நீரை எடுத்துப் போய், அங்கே ஒரு நிமிடம் திறந்து மூடிச் சேர்த்து அனுப்புங்கள். அதிலும் பாதரசம் காட்டினால் தவறு பிடித்த விதத்தில் இருக்கிறது, ஊற்றில் இல்லை.

கலங்கலாக இருந்தால் தெளியவைத்து ஊற்றாதீர்கள், வடிகட்டவும் வேண்டாம். பாதரசம் பெரும்பாலும் மண்துகளோடுதான் பயணிக்கும். இதனால்தான் கோடையில் ஒரு மாதிரியும், முதல் பெருமழைக்குப் பிறகு இன்னொரு மாதிரியும் எடுக்க வேண்டும். கோடையில் எடுத்த மாதிரியை மட்டும் வைத்து நிம்மதி அடைவது சரியல்ல.

எல்லையைத் தாண்டினால் கொதிக்க வைப்பது தீர்வாகாது. கரைந்துள்ள பாதரச உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும். ஆர்.ஓ. கருவி பெரும்பகுதியை நீக்கும், ஆனால் சவ்வு பழசாகும். கருவி போட்ட பிறகு வரும் நீரையும் ஒருமுறை சோதியுங்கள்.

மீன் பதப்படுத்தும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரே சூரை மீனில் எங்கள் முடிவு கிலோவுக்கு 0.42 மில்லிகிராம், வெளி ஆய்வகத்தின் முடிவு 0.71. திறந்த பீக்கரில் நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, டின் குளோரைடு சேர்த்து குளிராவி முறையில் அளக்கிறோம். தெரிந்த அளவு பாதரச குளோரைடு சேர்த்து அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்த மீட்புச் சோதனையில் 97 சதவீதம் வருகிறது. எங்கே தவறு?
– ஓர் ஆய்வாளர், தூத்துக்குடி

உங்கள் 97 சதவீதம்தான் உங்களை ஏமாற்றுகிறது. டின் குளோரைடு கனிமப் பாதரசத்தை மட்டுமே ஆவியாக்கும். மீத்தைல் பாதரசத்தில் உள்ள கார்பன் பிணைப்பை அது உடைக்காது. அமிலமும் ஆக்சிஜனேற்றியும் முன்னதாக அதை முழுதாக உடைத்திருக்க வேண்டும். சூரையின் பாதரசத்தில் பத்தில் ஒன்பது பங்கு மீத்தைல் வடிவம். நீங்கள் சேர்த்துப் பார்த்ததோ ஏற்கெனவே கனிம வடிவில் இருக்கும் பாதரச குளோரைடு. மீன் உடையாமல் கிடந்தாலும் அது முழுதாகத் திரும்பி வரும். சான்றளித்த மீன்மாவை வைத்துச் சோதியுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் தயாரித்த டார்ம்-4 மீன்மாவில் கிலோவுக்கு சுமார் 0.41 மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, அதில் பெரும்பங்கு மீத்தைல். அதில் உங்களுக்கு 0.25 வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

இரண்டாவது சந்தேகம் அந்தத் திறந்த பீக்கர். சூட்டில் பாதரசம் ஆவியாகப் போய்விடும். மூடிய மைக்ரோவேவ் கலனுக்கு மாறுங்கள்: 0.5 கிராம் சதை, 5 முதல் 8 மி.லி. நைட்ரிக் அமிலம், 2 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு, 180 முதல் 200 டிகிரி. முழுதாக ஆறிய பிறகே திறக்க வேண்டும். சூடாகத் திறந்தால் அழுத்தத்தோடு பாதரசமும் போகும், உங்கள் முகத்துக்கும் ஆபத்து. மைக்ரோவேவ் இல்லையென்றால் மூடிய குப்பியில் கந்தக அமிலம், நைட்ரிக் அமிலத்தோடு பொட்டாசியம் பெர்மாங்கனேட், பெர்சல்ஃபேட் சேர்த்து 95 டிகிரி நீர்க்குளியலில் 2 மணி நேரம் வையுங்கள். ஊதா நிறம் கடைசிவரை நிற்க வேண்டும். நிறம் மறைந்தால் ஆக்சிஜனேற்றி தீர்ந்துவிட்டது, இன்னும் சேர்க்க வேண்டும்.

வெளி ஆய்வகத்தின் 0.71 சரி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. உப்பு அதிகமுள்ள மாதிரியில் பெர்மாங்கனேட் குளோரைடைக் குளோரின் வாயுவாக்கும். குளோரினும் பாதரசத்தைப் போலவே 253.7 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும். கருவி அதையும் பாதரசமாக எண்ணிவிடும். ஹைட்ராக்சிலமினை மிகையாகச் சேர்த்து, குப்பியின் மேல்வெளியைக் காற்றால் ஊதித் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகே டின் குளோரைடு சேர்க்க வேண்டும். அளவிக் கலத்தில் ஈரம் படிந்தாலும் எண் கூடும். அதற்கு உலர்த்தும் குழாயில் மெக்னீசியம் பெர்குளோரேட் வைப்பார்கள், அல்லது கலத்தை விளக்கால் சூடாக்குவார்கள்.

அடுத்தது, சோதனைக்கு எடுத்த சதை மாதிரி. இருவரும் மீனின் ஒரே இடத்திலிருந்து எடுத்தீர்களா? தலைக்குப் பின்னால், முதுகுப் பக்கச் சதை, தோல் இல்லாமல், கலந்து அரைத்துப் பாதிப் பாதியாகப் பிரித்ததாக இருக்க வேண்டும். உறைந்த மீன் உருகி நீர் வடிந்த பிறகு எடை போட்டால் முடிவு கூடும். அறிக்கை ஈர எடையா, உலர் எடையா என்று பாருங்கள். முழு உலர் எடையானால் நான்கு மடங்கு வித்தியாசம் வரும், உங்கள் இடைவெளி அவ்வளவு இல்லை.

கருவியை அளவுபடுத்த வைக்கும், பாதரச அளவு தெரிந்த நியமக் கரைசலையும் சொல்ல வேண்டும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவுள்ள நியமத்தைப் பிளாஸ்டிக் குப்பியில் வைத்து மறுநாள் எடுத்தால் அதில் பாதரசம் குறைந்திருக்கும். நியமம் வீரியம் குறைந்தால் மாதிரியின் முடிவு பொய்யாகக் கூடும். அன்றன்று தயாரியுங்கள். ஐ.சி.பி.எம்.எஸ். கருவியாக இருந்தால் நியமம், மாதிரி, கழுவும் நீர் மூன்றிலும் சிறிது தங்கக் கரைசல் சேருங்கள், இல்லையெனில் முந்திய மாதிரியின் பாதரசம் குழாயில் தங்கி அடுத்ததில் தலைகாட்டும். மாதிரியை நேரடியாக எரித்துத் தங்கப் பொறியில் பிடிக்கும் கருவி வாங்க முடிந்தால் அமில வேலையே இல்லை. 50 முதல் 100 மில்லிகிராம் சதை போதும், சில நிமிடத்தில் எண் வரும். உப்புக் கருவாட்டை அதில் தொடர்ந்து ஓட்டினால் மட்டும் வினையூக்கிக் குழாய் சீக்கிரம் கெடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சூரைக்கான எல்லை 1.0 என்பதால் இரண்டு எண்ணும் தேறுகின்றன. ஆனால் உங்கள் முறை பாதியளவுக்குக் குறைத்துக் காட்டுமானால், நாளை 1.5 உள்ள மீனும் தேறியதாகவே கப்பல் ஏறும். இதைச் சரிசெய்யும் வரை அந்த முறையில் சான்றிதழ் எழுதாதீர்கள்.

தைமின் (டி.என்.ஏ.வில் உள்ள ஒரு மூலக்கூறு) இழை கட்டிய தங்க நானோ துகள்களால் பாதரச உணரி செய்திருக்கிறோம். காய்ச்சி வடித்த நீரில் 100 நானோமோலார் வரை சிவப்பு நீலமாக மாறுகிறது. மீன் சாற்றில் எதைப் போட்டாலும் ஒழுங்காக வருவதில்லை. ஏன்?
– முதுகலை மாணவர்கள், கோயம்புத்தூர்

நல்ல முயற்சி, மனம் தளராதீர்கள். மூன்று தடைகள் இருக்கின்றன.

பாதரச அயனிக்கு இரண்டு கை உண்டு. ஒரு தைமினை ஒரு கையாலும் இன்னொன்றை மறு கையாலும் பிடித்துத் துகள்களை ஒட்டவைக்கிறது, நிறம் மாறுகிறது. மீத்தைல் பாதரசத்தின் ஒரு கையை மீத்தைல் தொகுதி பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் பாலம் கட்ட முடியாது. மேலும் மீன் சாற்றில் பாதரசம் சுதந்திரமாக இல்லை, புரதத்தின் கந்தகம் தைமினைவிட இறுக்கமாக அதைப் பிடித்திருக்கிறது. மூன்றாவது, மீன் சாற்றின் உப்பே தங்கத் துகள்களைத் திரளச் செய்யும், புரதமோ அவற்றைச் சுற்றிப் பூசித் திரளாமல் தடுக்கும். பாதரசம் இல்லாமலே நீலமாவதும், இருந்தும் சிவப்பாகவே நிற்பதும் இதனால்தான்.

கணக்கையும் பாருங்கள். 0.5 மில்லிகிராம் வரம்பில் உள்ள மீனில் அரை கிராம் எடுத்துக் கரைத்து 25 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 50 நானோமோலார். உங்கள் உணரியோ அதைப் போல இரு மடங்கிலேயே நின்றுவிடுகிறது. நீர்மத்தைக் குறைத்தால் அமிலம் அடர்த்தியாகும். அதை நடுநிலையாக்கினால் மறுபடி உப்பு. இதிலிருந்து வெளியேற ஒரே வழி, மீனை மூடிய கலனில் கரைத்து, டின் குளோரைடால் பாதரசத்தை ஆவியாக்கி, அந்த ஆவியை ஊதி உங்கள் துகள்கள் உள்ள சிறு குப்பிக்குள் விடுவது. உப்பும் புரதமும் பின்னால் நின்றுவிடும். தைமினே தேவைப்படாமல் போகலாம், பாதரச ஆவி தங்கத்தோடு நேரடியாக இரசக்கலவையாகும். அப்போது நிறமாற்றம் வேறுவிதமாக இருக்கும் என்பதால் கண்ணை நம்பாமல் நிறமாலைமானியில் பாருங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் மீத்தைல் பாதரசக் கரைசல் வாங்கிப் பழக வேண்டாம், சான்றளித்த மீன்மா போதும். டைமீத்தைல் பாதரசத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். 1996இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹானின் ரப்பர் கையுறை மேல் அதன் சில துளிகள் விழுந்தன. கையுறையைக் கடந்து தோலுக்குள் போய்விட்டன. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் இறந்தார். பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்துப் பெயர் ஒட்டி ஒப்படையுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள் மீன் சாப்பிடுவோம். எங்கள் உடம்பில் பாதரசம் ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தச் சோதனை செய்யலாம்? ஒரு மையத்தில் மருந்து கொடுத்துச் சிறுநீரில் பாதரசத்தை ‘இழுத்து’ப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள்.
– ஒரு குடும்பத் தலைவி, கடலூர்

அந்த மருந்துச் சோதனைக்குப் போகாதீர்கள். பாதரசத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்தால் எல்லாருடைய சிறுநீரிலும் அளவு கூடும். அந்த எண்ணை மருந்து தராதவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு ‘அதிகம்’ என்பார்கள். அதன் பின் தேவையில்லாத சிகிச்சை தொடங்கும்.

மீனால் வரும் மீத்தைல் பாதரசத்துக்குத் தலைமுடியும் இரத்தமும்தான் சரியான சான்று. முடி வளரும்போது இரத்தத்தில் உள்ளதை அதில் பதித்துக்கொண்டே வளர்கிறது. முடியில் உள்ள அளவு இரத்தத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய 250 மடங்கு. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் தோலை ஒட்டிய மூன்று சென்டிமீட்டர் கடந்த மூன்று மாதத்தைச் சொல்லும். பிடரிப் பக்கத்தில் பென்சில் கனத்துக்கு முடியைத் தோலை ஒட்டி வெட்டி, எந்த முனை தோல் பக்கம் என்று தெரிய நூல் கட்டி, காகித உறையில் வைத்து அனுப்புங்கள். சாயம் பூசிய, சுருளோ நேரோ செய்வித்த முடியில் அளவு குறைந்து காட்டும்.

கிராமுக்கு 1 மைக்ரோகிராமை ஒட்டி வந்தால் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கடுமையான அளவுகோலை ஒட்டி இருக்கிறீர்கள். அந்த அளவுகோல் பாதுகாப்பு இடைவெளி விட்டு வகுத்தது. அதைத் தாண்டுவது நோய் என்று பொருளல்ல. மினமாட்டாவில் ஒருவர் முடியில் கண்ட அளவு 705. மீன் அதிகம் உண்ணும் குடும்பத்தில் இரண்டு மூன்று வரலாம். வீட்டில் கர்ப்பமாகும் வயதுடையவர் இருந்தால் பெரிய மீனை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து அந்தப் புதிய மூன்று சென்டிமீட்டரை மீண்டும் சோதியுங்கள். பத்துக்கு மேல் வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ரசம் என்னும் பாதரசமோ, லிங்கம் என்னும் பாதரசத் தாதுவோ சேர்ந்த நாட்டு மருந்து எதையாவது உண்பவர்களுக்கு முடிச் சோதனை சரிவராது. அது கனிமப் பாதரசம், முதலில் சேர்வது சிறுநீரகத்தில். அவர்கள் காலையின் முதல் சிறுநீரை, அதன் அடர்த்தியைக் காட்டும் கிரியேட்டினினோடு சேர்த்து அளக்க வேண்டும். என்ன மருந்து, எத்தனை நாளாக என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.